கொஞ்சம் வேகமா விடுங்க சிஸ்டர்

அம்மாவின் பர்ஸில் ஒரு சிவப்பு அட்டை இருந்தது. ஆதார் ஜெராக்ஸ், சமயபுரத்து விபூதிப் பொட்டலம், எட்டாக மடித்த ஐம்பது ரூபாய்த் தாள், இவற்றுக்கு நடுவில். 'வான்கோமைசின் அலர்ஜி, இந்த மருந்தைப் போடக் கூடாது' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் அடித்து, கீழே என் கைப்பேசி எண்ணைப் போட்டு, ஜெராக்ஸ் கடையில் முப்பது ரூபாய்க்கு லேமினேட் செய்து வாங்கி வந்தவன் நான்தான். நாலு வருஷம் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் டோக்கன் போடுவதற்கு முன்னால் அந்த அட்டையை நீட்டிவிடுவேன். பல் பிடுங்கப் போன இடத்தில்கூட நீட்டியிருக்கிறேன். 'இப்படி எல்லாரும் எழுதி வச்சிருந்தா எங்களுக்கு எவ்வளவு சுலபம்' என்று ஒரு நர்ஸ் சொன்னதை ரொம்ப நாள் மனசுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அந்த அட்டையில் இருந்தது தப்பு. அச்சுப்பிழை இல்லை, நடந்ததைத்தான் எழுதியிருந்தேன். மருந்து போட்டார்கள், உடம்பு கொதித்தது, நிறுத்தினார்கள், சரியானது. கண்ணால் பார்த்தது. அப்படியும் எப்படித் தப்பாகும் என்ற கேள்வி இரண்டு வருஷமாக என்னைக் குடைந்துகொண்டிருக்கிறது. நான் மருத்துவன் இல்லை, நாலு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். கணக்கு டேலி ஆகாவிட்டால் தூக்கம் வராது என்பதைத் தவிர இதை எழுத எனக்கு வேறு தகுதி கிடையாது.

2018-இல் நடந்தது. அம்மாவுக்கு இருபது வருஷச் சர்க்கரை. கொல்லையில் கருவேல முள் குத்தியதை ஒரு வாரம் சொல்லாமலே இருந்துவிட்டார்கள். பாதம் வீங்கி, சீழ் வைத்து, ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். என்ன கிருமி என்று பார்க்கச் சீழைக் கல்ச்சருக்கு அனுப்பினார்கள். எம்ஆர்எஸ்ஏ என்று வந்தது. வழக்கமான பென்சிலின் வகைகளுக்கு அடங்காத கிருமி. 'இதுக்கு வான்கோதான்' என்றார் டாக்டர். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் சிஸ்டர் வந்து முன்கையில் தோலுக்கடியில் துளி மருந்தை ஏற்றி, அந்த இடத்தைச் சுற்றி நீலப் பேனாவால் வட்டம் போட்டுவிட்டுப் போனார். டெஸ்ட் டோஸ். அரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தார். வட்டத்துக்குள் ஒன்றும் இல்லை. சின்ன பாட்டிலில் மருந்தைக் கலந்து மாட்டினார்.

நான் கீழே போய் இட்லி வாங்கிக்கொண்டு வந்தேன். வரும்போது அம்மா பிடரியைச் சொறிந்துகொண்டிருந்தார்கள். 'செந்தட்டி பட்ட மாதிரி இருக்குடா தம்பி' என்றார்கள். காது மடலைத் தொட்டுப் பார்த்தேன், தோசைக்கல் மாதிரி கொதித்தது. கழுத்து, நெஞ்சு, தோள்பட்டை எல்லாம் அரிப்பு. சிஸ்டர் செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்து, 'ரேஷஸ் ஒன்னும் தெரியலையே' என்றார். அம்மா நல்ல கறுப்பு. அந்தத் தோலில் எந்தச் சிவப்பு தெரியப்போகிறது? டியூட்டி டாக்டர் ஓடி வந்து சொட்டு மருந்தை நிறுத்தி, அரிப்பை அடக்கும் ஏவில் ஊசியும் ஹைட்ரோகார்ட்டிசோனும் போட்டார். பிரஷர் பார்த்தார், கொஞ்சம் இறங்கியிருந்தது. மூச்சுத் திணறல் இல்லை. முக்கால் மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. இட்லி ஆறிப்போயிருந்தது. கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் பெரிதாக எழுதினார்கள். அந்தச் சிவப்பைத்தான் அப்புறம் நான் அட்டை வரைக்கும் கொண்டுவந்தேன்.

இந்தக் கதையை நாலு வருஷமாக இதே மாதிரிதான் சொல்லி வந்தேன். இதில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது என்பது எனக்கே தெரியாது.

ஒத்துக்கல

நம் ஊரில் இதற்கு இருக்கும் சொல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 'அந்த மருந்து அவங்களுக்கு ஒத்துக்கல.' கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாது, ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது, சில வீடுகளில் மருமகளுக்கு மாமியாரே ஒத்துக்கொள்ள மாட்டார். ஏன், எதனால் என்றெல்லாம் அந்தச் சொல் கேட்காது. இரண்டு பேருக்குள் சேரவில்லை, அவ்வளவுதான். புத்தகத் தமிழில் வரும் ஒவ்வாமையும் அதே பொருள்தான். அலர்ஜி என்று சொன்ன உடனேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. அலர்ஜி என்றால் மருத்துவத்தில் அதற்கென்று ஒரு கதை இருக்கிறது, அந்தக் கதையில் ஒரு பழைய பகை இருந்தாக வேண்டும்.

பகை என்று சும்மா சொல்லவில்லை. 1902-இல் சார்ல் ரிஷே என்ற பிரெஞ்சுக்காரரும் போர்த்தியேவும் கடல் சாமந்தியின் நஞ்சை நாய்களுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். நெப்டியூன் என்று ஒரு நாய். முதல் ஊசியைத் தாங்கிக்கொண்டது. சில வாரங்கள் கழித்துக் கொஞ்சமாக மறுபடி போட்டதும் சில நிமிடங்களில் மூச்சிரைத்து, படுத்து, செத்துப்போனது. பழகப் பழக நஞ்சு தாங்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு நேர்மாறாக நடந்தது. முதல் முறை உடம்பு பகையாளியின் முகத்தைக் குறித்து வைத்துக்கொள்கிறது, இரண்டாம் முறை வாசலிலேயே வைத்து வெட்டுகிறது. ரிஷேவுக்கு 1913-இல் இதற்காக நோபல் கிடைத்தது. அந்த முகத்தைக் குறித்து வைக்கும் வேலையைச் செய்வது ஐஜிஇ என்ற எதிர்ப்புரதம் என்று 1960-களின் பிற்பாதியில்தான் தெரிந்தது. அமெரிக்காவில் வேலை பார்த்த இஷிசாகா தம்பதியும் சுவீடனில் ஒரு குழுவும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள்.

இந்த ஐஜிஇ போய் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும் இடம் மாஸ்ட் செல். 1878-இல் பால் எர்லிக் மாணவராக இருந்து சாயங்களை வைத்து விளையாடிக்கொண்டிருந்தபோது, உள்ளே முழுக்க மணி மணியாக ஏதோ திணித்து வைத்திருந்த செல்களைப் பார்த்து, நன்றாகத் தின்று கொழுத்தது என்ற அர்த்தத்தில் ஜெர்மனில் வைத்த பெயர். அது தின்று வைத்ததில்லை, தானே செய்து அடுக்கி வைத்த சரக்கு. ஹிஸ்டமின், ஹெப்பாரின், ட்ரிப்டேஸ். தோலிலும் மூச்சுக்குழாயிலும் குடலிலும், ரத்தக்குழாய் ஓரமாகவும் நரம்பு ஓரமாகவும் மாஸ்ட் செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. பகையாளி மறுபடி வந்து ஐஜிஇ-யில் மாட்டினால் சரக்கு மொத்தமும் வெளியே. அரிப்பு, தடிப்பு, வீக்கம், பிரஷர் இறக்கம், சில பேருக்கு மரணம்.

இதெல்லாம் பள்ளிக்கூடப் பாடம் அளவுக்கு எனக்கும் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தும் ஒன்று உறைக்கவே இல்லை. 2018-க்கு முன்னால் அம்மா அந்த மருந்தைப் பார்த்ததே கிடையாது. பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்து ஊசி வழியாக வாங்குவதுதான். மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் சரக்கில்லை அது. பார்த்தே இராத ஒருவன்மேல் எப்படிப் பழைய பகை வரும்?

(இந்த 'முதல் முறை' வாதமும் சந்தில் மாட்டிக்கொள்ளும் என்று பின்னால் படித்தேன். ஃபோல்கோடின் என்ற இருமல் மருந்தைக் குடித்தவர்களுக்கு, பல மாதம் கழித்து ஆபரேஷனில் கொடுக்கும் தசை தளர்த்தி மருந்துக்கு நிஜ அலர்ஜி வந்திருக்கிறது. இரண்டு மருந்துக்கும் ஒரு பக்கம் ஒரே முகச்சாயல். 2022 டிசம்பரில் ஐரோப்பிய மருந்து முகமை அந்த இருமல் மருந்தைச் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னது. அதனால் முதல் முறை என்பது ஒரு தடயம்தான், தீர்ப்பாகாது.)

எவ்வளவு நேரத்துல ஏத்துனாங்க?

2022-இல் அதே காலில், கட்டைவிரல் எலும்பு வரைக்கும் போய்விட்டது. கல்ச்சரில் மறுபடி எம்ஆர்எஸ்ஏ. நான் அட்டையை நீட்டினேன். சரி, வான்கோ வேண்டாம், லினிசோலிட் கொடுக்கலாம் என்றார்கள். நல்ல மருந்துதான், மாத்திரையாகவே போட்டுக்கொள்ளலாம். ஆனால் எலும்புக்கு வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும். இரண்டு வாரத்தைத் தாண்டினால் சில பேருக்கு ரத்தத் தட்டணுக்கள் குறையும், வாராவாரம் ரத்தம் பார்க்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். மூன்றாவது வாரம் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் இருந்த தட்டணு அறுபத்திரண்டாயிரத்துக்கு வந்தது. அம்மாவின் கையில் ஊசி போட்ட இடமெல்லாம் நாவல்பழம் நசுக்கிய மாதிரி நீலம். லினிசோலிடை நிறுத்தியாக வேண்டும். அடுத்து என்ன என்பதற்குப் பதில் சுற்றிச் சுற்றி வான்கோமைசினிலேயே வந்து நின்றது, அங்கே என் அட்டை குறுக்கே நின்றது.

இரண்டாவது கருத்துக்காக இன்னொரு ஊரில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். ஐம்பது வயது இருக்கும், கைத்தறிப் புடவை, பேச்சில் அவசரமே கிடையாது. அட்டையை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். 'நல்லாப் பண்ணியிருக்கீங்க சார்' என்றார். அப்புறம், 'அன்னைக்கு எவ்வளவு நேரத்துல ஏத்துனாங்க?' என்று கேட்டார்.

யாரும் கேட்காத கேள்வி. என்ன வந்தது என்று எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். தடிப்பா, மூச்சுத் திணறலா, என்ன ஊசி போட்டு நிறுத்தினார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். எவ்வளவு நேரத்தில் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் அது இல்லை. நான் இட்லியை வைத்துக் கணக்குப் போட ஆரம்பித்தேன். மாட்டியதும் கீழே போனேன். கடையில் கூட்டமில்லை. லிஃப்ட் வரவில்லை, படி ஏறி வந்தேன். இருபது நிமிடம், மிஞ்சிப்போனால் இருபத்தைந்து. 'நான் வர்றப்ப பாட்டில் முடியப்போற மாதிரி இருந்துச்சு மேடம்' என்றேன்.

'என்ன பாட்டில்? பெருசா, சின்னதா?'

'சின்னது. நூறு மில்லி.'

அவர் தலையை ஆட்டினார். ஒரு கிராம் வான்கோமைசினைக் குறைந்தது இருநூறு மில்லியில் கரைக்க வேண்டும் என்றார். குறைந்தது ஒரு மணி நேரம், அல்லது நிமிடத்துக்குப் பத்து மில்லிகிராமுக்கு மேல் போகாத வேகம், இரண்டில் எது நீளமோ அது. ஒரு கிராம் என்றால் நூறு நிமிடம். அம்மாவுக்கு இருபத்திச் சொச்ச நிமிடத்தில் போயிருக்கிறது, நிமிடத்துக்கு நாற்பது மில்லிகிராமுக்கு மேல். நாலு மடங்கு வேகம். 'இது அலர்ஜியா இருக்கவும் வாய்ப்பு இருக்கு. ஆனா வேகத்தால வந்த மாதிரிதான் தெரியுது. அது வேற, இது வேற' என்றார்.

எனக்கு முதலில் வந்தது கோபம். எவ்வளவு அலட்சியம், ஒரு சொட்டு மருந்தின் வேகத்தைப் பார்க்கத் தெரியாதா என்று அந்தப் பழைய ஆஸ்பத்திரியை மனசுக்குள் திட்டிக்கொண்டே வெளியே வந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் ஆட்டோவில்தான் அந்த விட்டுப்போன வரி வந்தது. யாரும் நினைவுபடுத்தவில்லை, ஆட்டோ ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது, அம்மா 'மெதுவாப் போப்பா' என்றார்கள், அவ்வளவுதான். அன்றைக்கு ராத்திரி பாட்டிலை மாட்டிய உடனே அம்மா பாத்ரூம் போக வேண்டும் என்றார்கள். இது முடிய எவ்வளவு நேரம் ஆகுமென்று கேட்டேன். சிஸ்டர் ரொம்ப நேரம் ஆகும் என்றார். பதினெட்டுப் படுக்கைக்கு அவர் ஒருத்தர். நான் சொன்னேன்: 'அம்மாவால அடக்க முடியாது. கொஞ்சம் வேகமா விடுங்க சிஸ்டர்.' அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, குழாயில் இருக்கும் சின்னச் சக்கரத்தைக் கட்டைவிரலால் மேலே தள்ளினார். சொட்டு சொட்டாக விழுந்தது ஒரே கோடாக மாறியது. அதைப் பார்த்துத் திருப்தியோடுதான் நான் இட்லி வாங்கப் போனேன்.

வாசலும் கொல்லையும்

அன்றிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். கணக்குப்பிள்ளை புத்தி, எங்கே இடித்தது என்று தெரிந்தாக வேண்டும்.

மாஸ்ட் செல்லுக்கு வாசலில் ஐஜிஇ என்ற காவல்காரன் என்றால், கொல்லைப்புறத்தில் இன்னொரு கதவு இருக்கிறது. சில ரசாயனங்கள் ஐஜிஇ எதுவும் இல்லாமலே நேராக மாஸ்ட் செல்லைக் கொட்ட வைக்கும் என்பது 1950-களிலேயே தெரியும். 48/80 என்று ஒரு கலவையைப் பரிசோதனைக்கூடங்களில் அதற்காகவே வைத்திருந்தார்கள். மார்ஃபின் போட்டால் அரிக்கும் என்பது அதற்கும் முந்தைய அனுபவம். கதவு இருக்கிறது என்று தெரிந்தும், எந்தக் கதவு என்றுதான் சரியாகப் பிடிபடவில்லை. ஷின்சோங் டோங் என்பவர் 2001-இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஆண்டர்சனின் ஆய்வகத்தில் இருந்தபோது, வலி உணரும் நரம்புகளில் ஒரு புதிய ஏற்பிக் குடும்பத்தைக் கண்டுபிடித்தார். ஏற்பி என்றால் செல்லின் மேற்புறத்தில் உட்கார்ந்து, வெளியிலிருந்து வரும் பொருளைப் பிடித்து உள்ளே சேதி சொல்லும் புரதம். அந்தக் குடும்பத்தில் ஒரு பிள்ளை மாஸ்ட் செல்லிலும் குடியிருந்தது. பெயர் எம்ஆர்ஜிபிஆர்எக்ஸ்2. லாரி நம்பர் பிளேட் மாதிரி இருக்கிறது, என்ன செய்வது. 2006-இல் ஜப்பானில் ஒரு குழு, மாஸ்ட் செல்லை நேரடியாகக் கொட்ட வைக்கும் பொருள்களுக்கு இதுதான் கதவு என்று காட்டியது.

முக்கியமான வேலை 2015-இல் நேச்சர் இதழில் வந்தது. டோங் அதற்குள் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இருந்தார். கட்டுரை எழுதியவர்களில் முதலில் இருந்த பெயர் பெஞ்சமின் மெக்நீல். மனிதரின் இந்த ஏற்பிக்கு எலியில் இணையானது எது என்று அதுவரை தெளிவில்லை. அவர்கள் அதைத் தேடிப் பிடித்தார்கள். பிறகு அந்த ஒரு மரபணுவை மட்டும் கெடுத்த எலிகளை வளர்த்து, மருந்துகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். ஆபரேஷனில் தசையைத் தளர்த்தும் அட்ராகூரியம், மிவாகூரியம். நம் ஊரில் காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் அள்ளிக் கொடுக்கும் சிப்ரோஃப்ளாக்சசின். பரம்பரை வீக்க நோய்க்குத் தோலடியில் போடும் இக்காட்டிபான்ட். வீக்கத்தைக் குறைக்க வந்த அந்த மருந்தைப் போட்டால் ஏறக்குறைய எல்லாருக்கும் போட்ட இடத்தில் வீங்கிச் சிவக்கும், இதைவிட வேடிக்கை என்ன இருக்கிறது. சாதாரண எலிக்குப் பாதத்தில் போட்டால் வீங்கியது. ஏற்பி கெட்ட எலிக்கு வீக்கம் வெகுவாகக் குறைந்துபோனது. அதே எலியின் மாஸ்ட் செல்கள் ஐஜிஇ வழி வந்த தூண்டலுக்கு வழக்கம்போலவே கொட்டின. வாசல் சரியாக இருக்கிறது, கொல்லைக் கதவு மட்டும் சாத்தப்பட்டிருக்கிறது. இதைவிடச் சுத்தமாக ஒரு கணக்கை நேர்செய்ய முடியாது.

அப்புறம் வான்கோமைசினையும் இதே பட்டியலில் சேர்த்தார்கள். போர்னியோக் காட்டு மண்ணிலிருந்து எடுத்து, 1958-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. ஆரம்ப காலச் சரக்கு சுத்திகரிக்காமல் பழுப்பாக இருந்ததால் மிசிசிப்பிச் சேறு என்று கேலி செய்திருக்கிறார்கள். உடம்பு சிவந்து அரித்தால் சேற்றின்மேல் பழியைப் போட்டார்கள். சேறெல்லாம் போய் மருந்து வெள்ளை வெளேரென்று ஆன பிறகும் அரிப்பு நிற்கவில்லை. அதற்கு வைத்த பெயர் ரெட் மேன் சிண்ட்ரோம், செம்மனிதன் நோய். அம்மாவின் கழுத்தில் டார்ச் அடித்துச் சிவப்பைத் தேடிய அந்த சிஸ்டரை நினைத்துக்கொள்கிறேன். யாருடைய தோலைப் பார்த்து அந்தப் பெயரை வைத்தார்களோ. இப்போது அந்தப் பெயரைக் கைவிட்டு, வான்கோமைசின் ஏற்றும்போது வரும் எதிர்வினை என்று சொல்ல வேண்டும் என்கிறார்கள். நல்லது.

கொல்லைக் கதவுக்குக் காவல்காரன் கிடையாது, யார் முகமும் நினைவிருக்காது. நேர்மின்னூட்டத்தோடு வரும் சில வடிவங்கள் தள்ளினால் திறக்கும். எத்தனை பேர் ஒரே நேரத்தில் தள்ளுகிறார்கள் என்பதுதான் கணக்கு. ஐஜிஇ வழியில் துளியூண்டு போதும், நெப்டியூனைக் கொன்றது அதுதான். இந்த வழியில் கூட்டம் வேண்டும். நூறு நிமிடம் நீட்டி ஒவ்வொருவராக அனுப்பினால் பெரும்பாலானவர்களுக்குக் கதவு அசையாது. இருபது நிமிடத்தில் மொத்தக் கூட்டத்தையும் ஏவிவிட்டால் பிய்த்துக்கொண்டு திறக்கும். அன்றைக்கு டெஸ்ட் டோஸ் வட்டத்துக்குள் ஏன் ஒன்றும் வரவில்லை என்பதும் புரிந்தது. துளி மருந்து அந்தக் கதவைத் தட்டியிருக்கும், தள்ளியிருக்காது. இதன் மறுபக்கமும் உண்டு: சிப்ரோஃப்ளாக்சசின் மாதிரி மருந்தைக் கெட்டியாகத் தோலுக்கடியில் போட்டால், எந்த அலர்ஜியும் இல்லாதவருக்கும் வட்டத்துக்குள் தடிக்கலாம். அந்த நீலப் பேனா வட்டத்தை நம்பி இங்கே எத்தனை கேஸ் ஷீட்டில் சிவப்பு மை ஏறியிருக்கும் என்று யோசித்தால் தலை சுற்றுகிறது. அமெரிக்காவில் பத்தில் ஒருவர் தனக்குப் பென்சிலின் அலர்ஜி என்கிறார், முறையாகச் சோதித்தால் அவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு அது இல்லை. அது வேறு கதைதான், ஆனால் காகிதத்தில் ஏறியது லேசில் இறங்காது என்பதில் ஒரே கதை.

இப்படி ஒரு கதவு உடம்பில் எதற்கு என்று கேட்கத் தோன்றும். எனக்குத் தோன்றியது. குளவி விஷத்தில் உள்ள மாஸ்டோபரான் என்ற பொருள் இதே ஏற்பியைத்தான் தூண்டுகிறது. நம் நரம்புகள் வெளியிடும் சப்ஸ்டன்ஸ் பி-யும் இதைத்தான். பாக்டீரியாக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சில ரசாயனங்களையும் இந்த ஏற்பி ஒட்டுக்கேட்கிறது என்று 2019-இல் காட்டியிருக்கிறார்கள். கொட்டுவதும் கடிப்பதும் நுழைவதும் பெரும்பாலும் தோல் வழியாகத்தானே. தோலில் இருக்கும் மாஸ்ட் செல்களில் இந்த ஏற்பி நிறைய, நுரையீரலில் இருப்பவற்றில் குறைவு. அம்மாவுக்குக் கழுத்தெல்லாம் எரிந்தும் மூச்சு மட்டும் ஏன் முட்டவில்லை என்பதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். மனிதர்களுக்கு வரும் எதிர்வினைகளில் இந்தக் கதவின் பங்கு மருந்துக்கு மருந்து எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் வாதம் நடக்கிறது. எலிக் கணக்கை அப்படியே மனிதக் கணக்கில் ஏற்ற முடியாது.

ஒன்றை மட்டும் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். இந்த வகைக்குப் போலி ஒவ்வாமை என்று ஒரு பெயர் புழங்குகிறது. எனக்குப் பிடிக்கவில்லை. வெளியே வந்தது அதே ஹிஸ்டமின், அரித்தது அதே அரிப்பு. கொல்லை வழியாக வந்தாலும் வீட்டுக்குள் வந்த வெள்ளம் வெள்ளம்தான். இந்த வழியிலும் பிரஷர் படுத்து உயிருக்கு ஆபத்து வந்திருக்கிறது. கட்டில் ஓரத்தில் நிற்கும்போது இது எந்தக் கதவு என்று யாராலும் சொல்ல முடியாது, அந்த நேரத்தில் சொல்லவும் வேண்டியதில்லை. மூச்சு முட்டினாலோ பிரஷர் விழுந்தாலோ எந்தக் கதவானாலும் அட்ரினலின்தான். சில மணி நேரத்துக்குள் ரத்தம் எடுத்து ட்ரிப்டேஸ் பார்த்தால் பின்னால் யோசிக்க உதவும். அதனால் இதைப் படித்துவிட்டு யாரும் தங்கள் அட்டையைத் தாங்களே கிழித்துப் போட்டுவிடாதீர்கள். நான் கிழிக்கவில்லை. டாக்டரம்மாதான் வாங்கி, பின்பக்கம் பேனாவால் ஏதோ எழுதப் பார்த்தார். லேமினேஷனில் மை ஒட்டவில்லை.

42 சொட்டு

இரண்டு நாள் கழித்து அவர் பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தோம். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று கிரியாட்டினின் பார்த்து அளவை முடிவு செய்தார். அரை மணி முன்னால் ஏவில். பக்கத்து மேஜையில் டிரே, அதில் அட்ரினலின் உடைத்துப் போடத் தயாராக, ஆக்சிஜன் சிலிண்டர் கட்டில் ஓரமாக, விரலில் கிளிப். டாக்டரம்மா முதல் அரை மணி நேரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கிராம், இருநூற்று ஐம்பது மில்லியில், இரண்டு மணி நேரம். வேகத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் பம்ப் எல்லாம் ஐசியூவில் இருந்தது. 'எண்ணத் தெரியும்ல சார்?' என்றார் சிஸ்டர், சிரித்துக்கொண்டே. குழாய் வந்த கவரில் இருபது சொட்டு ஒரு மில்லி என்று போட்டிருந்தது. மொத்தம் ஐயாயிரம் சொட்டு, நூற்றிருபது நிமிடம். நிமிடத்துக்கு 42 சொட்டு. வாழ்க்கையில் என் படிப்பு உபயோகப்பட்ட ஒரே இடம்.

சொட்டு விழுவதை உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும். முதலில் நுனியில் ஒரு முத்து கட்டும், கனம் கூடும், கழுத்து மெலியும், தயங்கும், அப்புறம்தான் விழும். கடிகார முள்ளையும் அதையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா கையை மடக்கினால் வேகம் குறைந்தது, நீட்டினால் கூடியது. ஒரு முறை ஐம்பத்தாறு எண்ணினேன், எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. சிஸ்டரைக் கூப்பிட்டேன், வந்து சக்கரத்தை ஒரு மயிரிழை கீழே இறக்கினார். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை காது மடலைத் தொட்டுப் பார்த்தேன். சாதாரணச் சூடு. பிடரியில் கை போகிறதா என்று பார்த்தேன். ஒரு தடவை போனது, எனக்கு உயிரே இல்லை. கொண்டை ஊசியைச் சரி செய்தார்கள்.

2018-இல் நான் சொன்ன அந்த வாக்கியத்தை அம்மாவிடம் இதுவரை சொல்லவில்லை. சொன்னாலும் 'நான்தானேடா பாத்ரூம்னு அவசரப்படுத்துனேன்' என்று தன்மேல் எடுத்துப் போட்டுக்கொள்வார்கள், அது இன்னும் மோசம். அந்த சிஸ்டரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றும். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. வேகம் கூடாது என்பது அவருக்குத் தெரிந்துதான் அந்த ஒரு கணம் என்னைப் பார்த்தாரா, அல்லது பதினெட்டுப் படுக்கையில் அதுவும் ஒன்று என்று நினைத்தாரா என்பதை இனி எந்தக் கணக்கிலும் கண்டுபிடிக்க முடியாது.

ஒன்றரை மணி நேரம் ஓடியிருக்கும். பாட்டிலில் கால்வாசி மிச்சம். அம்மா கட்டிலில் நெளிந்தார்கள்.

'என்னம்மா? அரிக்குதா?'

'அதெல்லாம் இல்ல. இது என்னடா இவ்வளவு மெதுவாப் போகுது? எனக்குப் பாத்ரூம் போகணும். அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிக் கொஞ்சம் வேகமா விடச் சொல்லேன்.'

நான் எழுந்து போய், கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்பேனை எடுத்து, திரையை இழுத்துவிட்டேன். திரைக்கு இந்தப் பக்கம் நின்றபடி விட்ட இடத்திலிருந்து எண்ண ஆரம்பித்தேன்.